பிரேக் பழுதும் பெயர்ப்பலகையும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்கள் பலவற்றுள்ளும் பிரேக் ஒன்றே பெரிதும் பிறர்பொருட்டு அமைந்தது எனலாம். எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். அதனால் வரும் இடர் உடையவனோடு ஒழியும். குளிர்சாதனம் கெட்டால் உள்ளிருப்போர் வியர்ப்பர், அவ்வளவே. பிரேக் கெட்டாலோ வண்டி ஓடும். அங்ஙனம் ஓடும் வண்டியின் முன் யாவர் வருவர் என்பதை அதனை ஓட்டுவோனும் அறியான். ஆதலின், பிரேக்கைப் பழுதுபார்க்க எங்கே விடுவது என்னும் வினா, சட்டைத்துணியை எந்தக் கடையில் எடுப்பது என்னும் வினாவோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கதன்று.

இவ்வினாவிற்கு விடை கூறுவோர் நம் நாட்டில் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். 'கம்பெனி சர்வீஸில் விட்டால்தான் உயிருக்கு உறுதி' என்பர் ஒருசாரார். 'கம்பெனியில் விட்டால் காசு கரையும். நம் தெருமுனை மெக்கானிக்கே போதும்' என்பர் மற்றொருசாரார். முன்னவரைப் பேசுவிப்பது அச்சம். பின்னவரைப் பேசுவிப்பது சிக்கனம். இவ்விரண்டும் இவ்விடயத்தில் நல்ல வழிகாட்டிகள் அல்ல என்பது எம் கருத்து. இன்ன வேலை, இன்னார் கை, இன்ன பொருள் என்று ஆராய்ந்து தெரியின், பிரேக் வேலைகளுட் பெரும்பாலானவற்றைக் கைதேர்ந்த தனி மெக்கானிக் ஒருவரிடம் அஞ்சாது ஒப்படைக்கலாம். ஒருசிலவற்றைக் கம்பெனியின் முகவரிடமே கொண்டுசெல்லல் வேண்டும். இதுவே யாம் ஈண்டு நிறுவப் புகுவது.

'காரில்லாத மாணாக்கர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு?' என நகுவாரும் உளர். அவர்க்கு ஒரு கணக்குக் கூறுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, நொடி ஒன்றுக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கின்றது. பிரேக் நன்னிலையில் இருப்பின், உலர்ந்த சாலையில், பிரேக் பற்றிய இடத்திலிருந்து 20 மீட்டரளவில் அவ்வண்டி நின்றுவிடும். பிரேக்கின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாகக் கொள்வோம். நிற்பதற்கு 30 மீட்டர் வேண்டும். பத்து மீட்டர்தானே என்னற்க. நல்ல வண்டி அசைவற்று நின்ற அதே இடத்தைக் குறையுடைய வண்டி கடக்குங்கால், அதன் வேகம் இன்னும் மணிக்கு 35 கிலோமீட்டரளவில் இருக்கும். பௌதிகம் பயிலும் நண்பர் எவரும் இதனை ஐந்து நிமிடத்திற் கணக்கிட்டுக் காணலாம். அவ்விடத்தில் நிற்பவன் யாவன்? சாலையைக் கடக்கும் நம்மவருள் ஒருவனே. 'உம்மை நோக்கி வரும் வண்டி எந்தப் பட்டறையிற் பழுதுபார்க்கப்பட்டதாயிருத்தல் வேண்டும்?' என்று அவனைக் கேட்பார் ஒருவருமிலர். தெரிவு முழுதும் வண்டிக்காரர் கையில். விளைவிற் பாதி நடப்பவன் தலையில்.

நிற்க. பிரேக்கின் அமைப்பு ஏதோ மறைபொருள் என்று பலர் எண்ணி அஞ்சுகின்றனர். அஃது அத்துணை மறைந்ததன்று. காலால் மிதியை அழுத்துகின்றோம். அவ்வழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள ஆயிலைத் தள்ளுகின்றது. குழாய்களின் வழியே அது நான்கு சக்கரங்களையும் அடைகின்றது. மூடிய கலத்திலுள்ள நீர்ப்பொருளின்மேல் இட்ட அழுத்தம் எப்பக்கமும் குறைவின்றிப் பரவும் என்னும் உண்மையைப் பதினேழாம் நூற்றாண்டிற் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் தெளிவுறுத்தினார். அதனை நான்கு சக்கரத்திற்கும் பொருத்தி விற்பனைக்கு வந்த முதற் கார் 1921இல் அமெரிக்காவில் வெளிவந்த டூசன்பர்க் ஆகும். இந்நாளைய காரில் முன்சக்கரங்களில் டிஸ்கும் அதனை இருபுறமும் கவ்வும் பேடும் உள்ளன. சிறு கார்கள் பலவற்றிற் பின்சக்கரங்களில் இன்னும் டிரம்மும், லைனிங் ஒட்டிய ஷூவுமே உள்ளன. தேய்வன இவையே. சக்கரத்தைக் கழற்றினால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், அளவுகோலுக்கும் அடங்கும். புதிய பேடில் உராயும் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். அது 3 மில்லிமீட்டரளவிற்குத் தேய்ந்தால் மாற்றுதல் வழக்கம். டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்பதும் ஒருவர் வாய்ச்சொல்லைப் பொறுத்ததன்று. குறைந்தபட்சக் கனம் இவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்கின்மேலேயே பொறித்திருப்பர்.

கண்ணுக்குத் தெரியாமற் கெடுவது ஒன்றுண்டு. அது பிரேக் ஆயில். ஆயில் என்பது வழக்குச்சொல்லேயன்றி அஃது உண்மையில் எண்ணெயன்று. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடைய ஒருவகை நீர்மம். 'டாட் 4' என்னும் வகை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வெப்பத்திற்குக் குறையாது கொதியாமல் நிற்றல் வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்துவிட்டால் அவ்வெல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். சமவெளியில் இவ்வேறுபாடு தோன்றாது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளையோ, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளையோ, தாழ்ந்த கியரில் இறங்காது பிரேக்கையே மிதித்து இறங்குவானுக்குத் தோன்றும். ஆயில் கொதித்து ஆவியாகும். ஆயில் அழுங்காது, ஆவியோ அழுங்கும். மிதி பலகைவரை சென்றும் வண்டி நில்லாது. இரண்டாண்டிற்கு ஒருமுறை ஆயிலை மாற்றுமாறு பெரும்பாலான வண்டிகளின் கையேடுகள் கூறுவது இதுபற்றியே. பிரேக் வேலைகளுள் மிகக் குறைந்த செலவுடையது இது. மிகுதியும் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. இதற்கு வேண்டுவன நேர்மையும், சீல் உடையாத ஒரு டப்பாவும், ஏர் எடுக்கத் தெரிந்த இரு கைகளுமேயன்றிப் பளிங்குத் தரையிட்ட மாளிகை அன்று.

இனி, கம்பெனி முகவர் பணிமனைக்குரிய சிறப்பை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். இருத்தல் வேண்டும் என்பது சட்டம். சக்கரம் சுழலாது பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் இவ்வமைப்பில், சக்கரந்தோறும் வேகம் அறியும் சென்சாரும், ஆயிலை நொடியிற் பலமுறை விட்டுப்பிடிக்கும் வால்வுகளும் உள்ளன. அதற்குரிய விளக்கு எரியத் தொடங்கினால், காரணத்தை ஸ்கேனர் கொண்டே படித்தல் வேண்டும். வால்வுக் கட்டைக்குள் காற்றுப் புகுந்துவிட்டால், சில வண்டிகளில் ஸ்கேனரால் வால்வுகளை இயக்கியே அதனை வெளியேற்றல் இயலும். மின்விசையால் இயங்கும் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களிலோ, பேட் மாற்றுமுன் அதனைப் பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். அதனை அறியாது பிஸ்டனை வலிந்து தள்ளினால் உள்ளிருக்கும் பற்சக்கரம் முறியும். இத்தகைய வேலைக்குரிய கருவியும் பயிற்சியும் முகவர் பணிமனையில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். தனிப் பட்டறைகளிலும் ஸ்கேனர் வைத்திருப்போர் இப்போது பலர் உளர்; எனினும், கேட்டறியாமல் விடலாகாது. அன்றியும், ஒரு வகை வண்டியிற் பிரேக் உறுப்பே குறையுடன் செய்யப்பட்டதென்று கண்டு கம்பெனி அதனைத் திரும்ப அழைக்குமாயின், அப்பழுதைக் காசின்றி நீக்கித் தருவது முகவரே. அங்ஙனம் திரும்ப அழைக்குமாறு கட்டளையிடும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அரசுக்கு அளித்தது. 2021 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இத்தகைய அழைப்பு வந்தபின்னும் 'நம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்' என்றிருத்தல் பேதைமை.

ஆயின், 'கம்பெனியில் விட்டேன்' என்று நாம் கூறுங்கால், கம்பெனி என்று கருதுவது யாரை? காரைச் செய்த நிறுவனம் வேறு. அதன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு விற்பனையும் பழுதுபார்த்தலும் நடத்தும் முகவர் வேறு. முகவர் தம் முதலிட்டுத் தம் இலாபத்திற்கு நடத்தும் தனி வாணிகர். அங்கே நம்மோடு இன்முகங் காட்டிப் பேசுபவர் சர்வீஸ் அட்வைசர். சக்கரத்தைக் கழற்றுபவர் வேறொருவர். பெரும்பாலும் அவரை நாம் காண்பதில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கின்றார். அட்வைசருக்கோ, மாதந்தோறும் இவ்வளவு வேலை சேர்த்துக் காட்டல் வேண்டும் என்னும் நெருக்கடி பலவிடத்தும் உண்டு. நன்னூலின் பாயிரம் நல்லாசிரியனைக் கூறியபின், ஆசிரியராகத் தகாதாரைக் கூறுமிடத்து முடத்தெங்கை உவமை காட்டுகின்றது. ஒருவன் வளர்க்க, வளைந்து சென்று வேறொருவன் மனையிற் காயை உதிர்ப்பது அது. நம் பணத்தை ஏற்றுக்கொண்டு, தம் அறிவுரையின் பயனை மட்டும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் உதிர்க்கும் அட்வைசரைக் காணுந்தோறும் எமக்கு அவ்வுவமையே நினைவிற்கு வருகின்றது. நல்லோரும் அங்குளர் என்பதை மறுக்கின்றோமில்லை. அவரை அங்ஙனம் வளைப்பது அவர் அமர்ந்த இடம்.

எமக்குத் தெரிந்த போதகர் ஒருவர், நாலைந்து கிராமச் சபைகளைப் பழைய கார் ஒன்றிற் சென்று மேற்பார்த்து வருகின்றார். முகவர் பணிமனை ஒன்றில், அதன் பெயர் ஈண்டு வேண்டா, பிரேக் சத்தமிடுகின்றதென்று வண்டியை விட்டார். முன்டிஸ்க் இரண்டும், பேடும், பின்லைனிங்கும் ஒருங்கே மாற்றல் வேண்டும், இன்றேல் ஓட்டுதல் ஆபத்து என்று ஒரு தாளில் எழுதித் தந்தனர். அவர் இரண்டு மாதம் வீட்டுச்செலவு செய்யுந் தொகை அத்தாளின் அடியில் இருந்தது. அளவு மட்டும் அதில் ஓரிடத்தும் இல்லை. அவர் வேறொரு பட்டறைக்குச் சென்றார். அங்கிருந்த முதியவர் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்கை மைக்ரோமீட்டரால் அளந்து, பொறித்திருந்த குறைந்தபட்ச அளவினும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மிகுந்திருத்தலைக் காட்டினார். பேட் தேய்ந்துதான் இருந்தது, அதனை மாற்றினார். பின்டிரம்மைத் திறந்து துடைத்து, லைனிங் இன்னும் ஓராண்டு தாங்கும் என்று கூறி மூடினார். முன்னவர் பொய்யுரைத்தனர் என்று யாம் துணிந்து கூறோம். இத்தனை கிலோமீட்டர் ஓடினால் இன்னின்ன மாற்றுக என்னும் பட்டியலே அவர் வாயாற் பேசியிருக்கலாம். ஆனால், அளவாமல் அச்சுறுத்துதல் ஒருவகைக் கள்ளத்தராசு. கள்ளத்தராசைக் கண்டித்துரைக்கும் நீதிமொழிகளை அப்போதகர் மறுவாரமே பிரசங்கத்திற்கு எடுத்துக்கொண்டார் என்று கேள்வி!

'வெளியில் வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும்' என்னும் அச்சமே பலரையும் முகவர் வாயிலிற் கட்டிவைத்திருக்கின்றது. பேடும் லைனிங்கும் தேய்பொருளாதலின், அவற்றின் இயல்பான தேய்மானம் பெரும்பாலான வாரண்டிகளில் முதலிலிருந்தே சேர்வதில்லை. இல்லாததை இழத்தல் யாங்ஙனம்? வண்டியின் பிற உறுப்புக்களுக்குரிய வாரண்டி பற்றி ஐயம் தோன்றலாம். அதற்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிற் பிறப்பித்த ஆணையை அறிதல் நலம். 2011இல் ஒருவர் தந்த முறையீட்டில் தொடங்கிய அவ்வழக்கில், பதினான்கு கார்க் கம்பெனிகள் உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிட்டாதவாறு தடுத்துவைத்தன என்று ஆணையம் முடிவுசெய்து, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியிற் பழுதுபார்த்த ஒரே காரணத்தால் வாரண்டி முழுவதையும் நீக்குதல் கூடாது. பிழைபட்ட வேலையால் விளைந்த சேதத்தளவிற்கே நீக்கலாம் என்றும் அறிவுறுத்தியது. கம்பெனிகள் மேல்முறையிட்டன. 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அவற்றுள் மூன்றின் வகையிற் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தை மட்டும் குறைத்தது. அமெரிக்காவிலோ, தன் பொருளையே, தன் முகவரையே பயன்படுத்தினாலன்றி வாரண்டி இல்லை என்று பொதுவாக நிபந்தனையிடுதலை 1975இலேயே சட்டத்தால் விலக்கிவிட்டனர். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரிற் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. எனினும், ஆணையத்தின் சொல்லை மட்டும் நம்பி அமையாது, வண்டிக்காரர் ஒவ்வொருவரும் தம் வாரண்டிப் புத்தகத்தை ஒருமுறை படித்தல் கடன். அதனைப் படியாமலே அஞ்சுவோர் தொகை பெரிது.

உதிரிப்பாகத்தைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். கார்க் கம்பெனி தன் பெயர் பொறித்த பெட்டியில் விற்கும் பிரேக் உறுப்பைப் பெரும்பாலும் தானே செய்வதில்லை. 1962இற் சென்னை பாடியிற் தொடங்கப்பெற்ற பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் அவற்றைச் செய்து கார்க் கம்பெனிகளுக்கு அளிக்கின்றன; தம் பெயரிலும் பெட்டியிலிட்டுக் கடைகளில் விற்கின்றன. பாடியிற் பிறந்த பொருள் முகவர் அலமாரி வழியாக வரினும், ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடை வழியாக வரினும், அதன் குலம் ஒன்றே, விலைதான் வேறு. இவ்வாலைகள் நேரே கடைகளுக்கு விற்பதைத் தடுத்தமையே மேற்கூறிய வழக்கின் நடுப்பொருள்களுள் ஒன்று.

இத்துணையும் கூறியது கொண்டு, தனி மெக்கானிக் அனைவரும் உத்தமர் என்று யாம் வாதிப்பதாகக் கொள்ளற்க. அவர் பட்டறைகளில் யாம் கண்ட குறைகளும் உயிருக்கு ஊறு செய்வன. போலிப் பேடைப் பெயர்பெற்ற ஆலையின் பெட்டியில் அடைத்து விற்போர் எக்கடைவீதியிலும் உளர். அதனை அறிந்தே வாங்கிப் பொருத்தும் மெக்கானிக்கும் உளர். திறந்து வைத்துப் பல மாதமான ஆயில் டப்பாவிலிருந்து ஊற்றுவோர், சிலிண்டரின் ரப்பர் கப்பைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி அது ஊதிக் கெடச் செய்வோர், சக்கர நட்டுக்களை உடல்வலிக்கு ஏற்ற மட்டும் முறுக்கி விடுவோர் என இவர் வகை பல. டிரம்மிலுள்ள தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதிப் பறக்கவிடும் வழக்கமோ அவர்க்கே கேடு. பழைய லைனிங்குகளிற் கல்நார் கலந்திருந்தது, அதன் தூசி நுரையீரலுக்குக் கொடியது. அருகில் நின்று ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் சிறுவனும் அதனையே மூச்சில் வாங்குகின்றான்.

இக்குறைகளுக்குக் காரணம் கல்வியின்மை என்று நம் கல்லூரி நண்பர் கூறுவர். ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெற்றவர் பலர் தனிப் பட்டறையிலும் உளர். முகவர் பணிமனையிலும் உளர். சான்றிதழ் நல்லதே. ஆனால், யாப்பருங்கலக்காரிகையிற் தேர்வு எழுதி முதல்வகுப்பிற் தேறியவரெல்லாம் வெண்பாப் பாடுவதில்லை என்பதை எம் வகுப்பார் நன்கறிவர். எமக்குத் தோன்றும் காரணம் வேறு. திருக்குறளின் மருந்ததிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்குங்கால், மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னே நோயுற்றவனை வைத்தது. வண்டி மருத்துவத்தில் அம்முதற் கூறு வண்டிக்காரர். அவர் எத்தகையர்? 'ஒரு பக்கந்தானே தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றப்பா' என்கின்றார். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒருங்கே மாற்றாவிடின் வண்டி ஒருபுறம் இழுக்கும் என்று மெக்கானிக் சொன்னாற் கேளார். 'நூறு ரூபாய் குறைவாக ஒரு பேட் கிடைக்குமாமே' என்கின்றார். 'ஆயிலெல்லாம் அடுத்தமுறை' என்கின்றார். முகவர் பணிமனையில் அச்சிட்ட பில்லிற்கு ஒரு சொல்லுமின்றிப் பணங் கட்டுகின்ற அதே மனிதர், இங்கே உழைப்பின் கூலியிற் பாதிக்கு வழக்கிடுகின்றார். தந்தை வயதுடையவரை 'வா, போ' என்கின்றார். மறுத்தால் வாடிக்கை போய்விடும் என்று அஞ்சும் மெக்கானிக், கேட்டதைச் செய்து கொடுத்துவிடுகின்றார். பிற்பாடு விபத்து நேர்ந்தால், 'மெக்கானிக் சரியில்லை' என்னும் சொல் எளிதாக வாயில் வருகின்றது. தெருமுனைப் பட்டறையில் நிகழும் குறையிற் பாதி, குறைந்த விலைக்கு உயிரைப் பேரம்பேசும் வண்டிக்காரர் அங்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று யாம் அஞ்சாது கூறுவோம். 'கூடாது' என்று மறுத்து, வாடிக்கையை இழக்கவும் ஒருப்பட்ட மெக்கானிக் ஒருவர் எவ்வூரிலேனும் இருப்பாராயின், அவரே பிரேக்கைத் தொடத் தக்கவர்.

அத்தகையவரை அறிவது எங்ஙனம்? பிரேக் கெட்ட நாளிற் தேடத் தொடங்கினால் அறிதல் அரிது. டயர் மாற்றல், ஆயில் மாற்றல் முதலிய சிறு வேலைகளை முன்னரே கொடுத்துப் பழகுதல் வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது அருகில் நிற்க விடுகின்றாரா? பழைய பேடையும் புதிய பெட்டியையும் நம் கையில் தருகின்றாரா? டிஸ்கின் அளவைச் சொல்லுகின்றாரா, அன்றித் தடவிப் பார்த்துத் தலையசைக்கின்றாரா? உதிரிப்பாகத்திற்குக் கடைப் பில் தருகின்றாரா? ஏ.பி.எஸ். விளக்கு எரிகின்ற வண்டியைக் கொண்டுசென்றால், 'இதற்குரிய கருவி என்னிடம் இல்லை, முகவரிடம் கொண்டுபோங்கள்' என்று கூறும் துணிவு உண்டா? இவ்விறுதி வினாவிற்கு 'ஆம்' என்னும் விடை பெறுபவரை யாம் பிறவற்றிலும் பெரிதும் நம்புவோம். முகவர் பணிமனையிலும் இவ்வினாக்களையே கேட்கலாம், கேட்டல் வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அப்பாற் சென்று தம் சக்கரத்தைக் காணவேண்டும் என்று வண்டிக்காரர் பத்துப்பேர் வற்புறுத்தினால், பதினோராமவருக்கு அக்கதவு தானே திறக்கும்.

வேலை முடிந்ததும் பணத்தை எண்ணிக்கொடுத்துப் புறப்படுதல் எங்கும் காணும் வழக்கம். பிரேக் வேலையில் அது வேண்டா. மெக்கானிக்கைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஆளில்லாத சாலை ஒன்றில் மெல்ல ஓட்டிச் சென்று, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறையும் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறையும் மிதித்துப் பார்க்க. மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தாலும், வண்டி ஒருபுறம் இழுத்தாலும், சக்கரம் சூடேறி நாறினாலும், அப்பொழுதே வண்டியைப் பட்டறைக்குத் திருப்பிவிடுக. நல்ல மெக்கானிக் அதற்கு முகஞ் சுளியார்; பெரும்பாலும் நமக்கு முன்பே அவர் செவி அதனைக் கேட்டிருக்கும்.